கொள்வனை கொடுப்பனை: சதுசேயர் வினாவும் ஒரு நற்செய்தித் தொடரின் பொருளும்

முன்னுரை

நற்செய்தி நூல்களுள் பொருள்கொள்வதில் மிகுந்த இடர்ப்பாடு தரும் தொடர்களுள் ஒன்று, உயிர்த்தெழுதலில் மணவினை இல்லை என இயேசு கூறும் மறுமொழித் தொடராகும். மத்தேயு 22ஆம் அதிகாரத்திலும் மாற்கு 12ஆம் அதிகாரத்திலும் லூக்கா 20ஆம் அதிகாரத்திலும் இது இடம்பெறுகிறது. தமிழ்த் திருச்சபைகளில் வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பு இத்தொடரைக் 'கொள்வனை', 'கொடுப்பனை' என்னும் இரு சொற்களால் பெயர்த்துள்ளது. பின்னர் வந்த மொழிபெயர்ப்புகள் திருமணம் என்னும் ஒரு சொல்லால் பெயர்த்தன. இவ்வேறுபாடு நடை வேறுபாடு மட்டுமன்று. தொடரின் பொருளையே இருவேறு திசைகளில் செலுத்துவதாகும்.

இத்தொடரைத் தனியே எடுத்துப் படிப்பவர்க்கு அது ஒரு துயரச் செய்தியாக ஒலிப்பதுண்டு. இறந்த கணவனையோ மனைவியையோ மறுமையில் காணலாம் என்னும் நம்பிக்கையுடையோர், அங்கு உறவு இராது என்று இதற்குப் பொருள்கொண்டு கலங்குவர். துறவை உயர்த்திப் பேசுவோர் இதையே மணவாழ்வின் தாழ்வுக்குச் சான்றாக்குவர். இவ்விரு பொருள்கோளும் தொடரை அது தோன்றிய வாதத்திலிருந்து பிரித்தெடுத்தமையால் விளைந்தவை. வாதத்தின் பின்புலம், மூலமொழிச் சொற்கள், தமிழாக்கம் ஆகிய மூன்றையும் இணைத்துநோக்கி, தொடர் மறுப்பது எதனை, மறுக்காது விடுவது எதனை என்பதை வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவும் வினவியோரும்

வாதம் நிகழும் இடம் எருசலேம் ஆலயம். காலம் இயேசுவின் வாழ்வின் இறுதி வாரம். அதிகாரம் பற்றிய வினா, பேரரசனுக்கு வரி செலுத்துவது பற்றிய வினா என அடுத்தடுத்து எழுந்த வினாக்களின் வரிசையில் சதுசேயரின் வினா வருகிறது. சதுசேயர் குருகுலத்தோடும் செல்வக் குடிகளோடும் தொடர்புடைய பிரிவினர். எழுதப்பட்ட சட்டத்தையே ஏற்று, முன்னோர் வழிவந்த வாய்மொழி மரபை அவர்கள் மறுத்தனர் என்றும், உடலோடு உயிரும் அழியும் எனக் கொண்டனர் என்றும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் குறிப்பிடுகிறார். உயிர்த்தெழுதல், வானதூதர், ஆவி ஆகியவை இல்லை என்பது அவர்தம் கொள்கை எனத் திருத்தூதர் பணிகள் 23ஆம் அதிகாரம் கூறுகிறது. பரிசேயர் இவற்றை ஏற்றனர். எனவே இவ்வாதம் யூத சமயத்துக்குள் நிகழ்ந்த உட்பூசலின் ஒரு கூறாகும். இதில் இயேசு நிற்கும் பக்கம் பரிசேயர் பக்கமே. லூக்காவில் மறைநூல் அறிஞர் சிலர் அவர் மறுமொழியைப் பாராட்டுவதும், உயிர்த்தெழுதலை மறுப்போர்க்கு வரவிருக்கும் உலகில் பங்கில்லை என மிசுனாவின் சன்கெதிரின் பகுதி விதிப்பதும் இதனை உறுதிசெய்யும். கிறித்தவத்துக்கும் யூதத்துக்கும் இடையிலான போராட்டமாக இப்பகுதியைக் காண்பது காலமுரணாகும்.

சதுசேயர் வினவியது ஒரு கதையின் வடிவில் அமைகிறது. சகோதரர் எழுவர். மூத்தவன் மணந்து மகப்பேறின்றி இறக்கிறான். அடுத்தவன் அவளை மணந்து அவனும் இறக்கிறான். இவ்வாறே எழுவரும் மாள, இறுதியில் அப்பெண்ணும் இறக்கிறாள். உயிர்த்தெழுதலில் அவள் எவனுக்கு மனைவியாவாள் என்பதே வினா. மறுமைக் கொள்கையை நகைப்புக்கு இடமாக்குவது வினாவின் நோக்கம்.

எழுவர் என்னும் எண்ணிக்கையும் தற்செயலானதாகத் தோன்றவில்லை. தோபித்து நூலில் சாரா என்னும் பெண்ணுக்கு வாய்த்த எழுவர் மணவிரவிலேயே தீய ஆவியால் இறக்கின்றனர். மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரத்தில் எழுவர் சகோதரர் உயிர்த்தெழுதல் நம்பிக்கையோடு தாயின் கண்முன் கொல்லப்படுகின்றனர். கேட்போர் நெஞ்சில் இவ்விரு கதைகளும் நிழலாடியிருத்தல் கூடும். உயிர்த்தெழுதலுக்குச் சான்றுபகர்ந்த எழுவரின் எண்ணிக்கையைக் கொண்டே அந்நம்பிக்கையை எள்ளுவதாக வினா அமைந்துள்ளது எனக் கருத இடமுண்டு.

கொழுந்தன் மணமும் இறந்தவன் பெயரும்

வினாவுக்கு அடிப்படையான வழக்கம் இணைச்சட்ட நூலின் 25ஆம் அதிகாரத்தில் விதிக்கப்பட்டுள்ளது. சேர்ந்து வாழும் சகோதரருள் ஒருவன் மகனின்றி இறந்தால், அவன் மனைவி குடும்பத்துக்கு வெளியே மணம் செய்தல் கூடாது. கணவனின் சகோதரன் அவளை மணத்தல் வேண்டும். முதற்பிறக்கும் மகன் இறந்தவனின் பெயரைத் தாங்குவான். எபிரேய மரபில் இது 'யிப்பூம்' எனப்படும். அவன் உடன்படாவிடின் அப்பெண் ஊர்வாயிலில் உள்ள மூப்பரிடம் சென்று முறையிடலாம். அவன் பின்னும் மறுப்பின் அவள் அவன் காலணியைக் கழற்றி, அவன்முன் உமிழ்ந்து, அவனை இகழ்ந்துரைப்பாள். இச்சடங்கு 'கலிட்சா' என வழங்கும்.

சகோதரன் மனைவியைக் கொள்ளலாகாது என்பது லேவியர் நூலின் பொதுவிதி. அப்பொதுவிதிக்கு விலக்காகவே இச்சிறப்புவிதி அமைகிறது. விலக்குக்குரிய காரணம் ஒன்றே: இறந்தவன் பெயர் இசுரயேலில் அற்றுப்போதல் கூடாது. பெயரோடு நிலமும் உரிமையும் இணைந்திருந்தன. தொடக்க நூலின் 38ஆம் அதிகாரத்தில் தாமார் தனக்குரிய இவ்வுரிமை மறுக்கப்பட்டபோது மாமன் யூதாவிடமிருந்தே சூழ்ச்சியால் மகப்பேறு பெறுகிறாள். ரூத்து நூலில் போவாசு, இறந்தவனின் நிலத்தை மீட்பதோடு அவன் மனைவியையும் ஏற்கிறான். இவ்விரு கதைகளிலும் பெண்ணே முனைந்து செயற்படுகிறாள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. மிசுனாவில் பெண்கள் பற்றிய தொகுதியின் முதல் நூலான 'யெபாமோத்' பதினாறு இயல்களில் இவ்வழக்கத்தையே ஆராய்கிறது. பிற்காலத்தில் மணத்தினும் கலிட்சாவே விரும்பத்தக்கது என்னும் கருத்தும் மிசுனாவுக்குள்ளேயே இடம்பெற்றது.

இந்திய மரபில் இதற்கு ஒப்புமை கூறுவோர் நியோகத்தைச் சுட்டுவர். ஒப்புமை முழுமையானதன்று. விசித்திரவீரியனின் மனைவியர்பால் வியாசர் வழியே மகப்பேறு பெறுவிக்கும் பாரதக் கதையில் நிகழ்வது மணமன்று; மகப்பேற்றுக்கான ஏற்பாடு மட்டுமே. மனுநூலின் ஒன்பதாம் இயல் அதனை ஒருங்கே விதித்தும் பழித்தும் பேசுகிறது. இணைச்சட்டம் கூறுவதோ மணம். அதற்கு நெருங்கியது பஞ்சாப், அரியானாப் பகுதிகளில் வழங்கிய 'கரேவா' எனப்படும் மறுமண வழக்கம். கைம்பெண்மீது கொழுந்தன் ஒரு போர்வையைப் போர்த்துவதே அங்குச் சடங்கு. கைம்பெண்ணின் கையிலுள்ள நிலம் குடும்பத்தை விட்டு வெளியேறாமை அதன் பயன்களுள் முதன்மையானது. இராஜிந்தர் சிங் பேடி 1962இல் உருதுவில் எழுதி, 1965இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'ஏக் சாதர் மைலி சீ' என்னும் குறுநாவல், தான் மகனைப்போல் வளர்த்த கொழுந்தனையே மணக்க நேர்ந்த ஒரு பெண்ணின் உள்ளத்தைக் காட்டுகிறது. சதுசேயர் சொன்ன கதையில் இல்லாத ஒன்று அந்நாவலில் உண்டு. அது பெண்ணின் மனம்.

தமிழ்ப் படிப்பாளிக்கு இவ்விடத்தில் ஒரு தடை நேர்கிறது. அண்ணன் மனைவியைத் தாய்நிலையில் வைத்துப் போற்றுதல் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஊறிய உணர்வு. எனவே எழுவர் கதை மறுமைக் கொள்கையின் முரணாகத் தோன்றுமுன் முறைகேடாகத் தோன்றிவிடுகிறது. அதனால் இயேசுவின் மறுமொழி அம்முறைகேட்டைக் கண்டிப்பதாகவோ உடலுறவை இழித்துரைப்பதாகவோ கொள்ளப்படும். மூலத்தில் வழக்கத்தின் நன்மை தீமை வாதப்பொருளன்று. இரு சாராரும் அதனைச் சட்டமென ஏற்றே பேசுகின்றனர்.

எழுப்புதல் என்னும் சொல்

மாற்கும் லூக்காவும் சட்டவிதியை எடுத்துரைக்கும்போது, இறந்தவனுக்கு வழித்தோன்றலை 'எழுப்புதல்' என்னும் பொருள்படும் 'எக்ஸனிஸ்தேமி' என்னும் கிரேக்க வினையைக் கையாளுகின்றனர். மத்தேயுவில் அதன் முன்னொட்டு நீங்கிய வடிவம் வருகிறது. உயிர்த்தெழுதலைக் குறிக்கும் 'அனஸ்தாஸிஸ்' என்னும் பெயரும் இவ்வினையின் வேரிலிருந்தே பிறந்தது. ஆகவே வினாவுக்குள் ஒரு சொல்விளையாட்டு உள்ளது. மோசேயின் சட்டம் அறிந்த எழுப்புதல் மகப்பேற்றின் வழி பெயரை எழுப்புதலே. வேறோர் எழுப்புதலை அது அறியாது என்பதே சதுசேயரின் உட்கருத்தாகும்.

இதனை நோக்க வினாவின் ஆழம் புலப்படும். அது வெறும் கேலியன்று. மனிதன் இறப்பை வெல்லும் வழி வழித்தோன்றலே என்னும் தொன்மையான நம்பிக்கை அதன் அடியில் உள்ளது. புதல்வரால் பெயர் நிலைக்கும் என்னும் கருத்துத் தமிழர்க்கும் புதிதன்று. அந்நம்பிக்கைக்கு மறுமை என்னும் கொள்கை மிகையான ஒன்று. இறந்தவன் மகனில் எழுகிறான் எனின், அவனே ஏன் எழவேண்டும்?

தமிழ் மொழிபெயர்ப்புகளில் இச்சொற்றொடர்பு மறைந்துவிட்டது. பழைய மொழிபெயர்ப்பு சட்டவிதியில் சந்தானம் 'உண்டாக்குதல்' என்றும், மறுமையைச் சுட்டுமிடத்தில் 'உயிர்த்தெழுதல்' என்றும் கூறுகிறது. தமிழில் வழித்தோன்றலை எழுப்புதல் என்பது இயல்பான வழக்கன்று ஆதலின் மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுதற்கில்லை. எனினும் இம்மறைவினால் வினா தன் கூர்மையை இழக்க, மறுமொழியும் தொடர்பற்ற ஓர் அறிவிப்பாக நின்றுவிடுகிறது.

மறுமொழி இவ்வாதத்தின் வேரையே தொடுகிறது. லூக்காவின் வடிவம் காரணத்தை வெளிப்படையாகக் கூறும்: அவர்கள் இனிச் சாகமுடியாதவர்கள்; ஆதலின் மணத்தின் இப்பயன் அங்கு வேண்டப்படுவதில்லை. ஏனோக்கு முதல் நூலின் பதினைந்தாம் அதிகாரமும் இதே முறையில் பேசுகிறது. இறப்புள்ள மாந்தர்க்கு வழித்தோன்றல் பொருட்டு மனைவியர் அமைந்தனர். இறப்பற்ற வானோர்க்கு அது வேண்டா என்பது அங்குக் கூறப்படும் கருத்து. இறந்தவன் தானே எழும்போது அவன் பெயரை எழுப்பச் சகோதரன் தேவையில்லை. கொழுந்தன் மணத்தின் காரணமே நீங்க, எவனுக்கு என்னும் வினாவும் நீங்குகிறது. வானதூதரை நம்பாதவரிடம் வானதூதரை உவமையாகக் காட்டியது மறுமொழியின் மற்றொரு கூர்மை.

இரண்டு வினைகள்

மறுமொழித் தொடரில் மணத்தைக் குறிக்கும் வினைகள் இரண்டு. முன்னது 'கமூஸின்', மணம்கொள்ளுதலைக் குறிக்கும் செய்வினை. பின்னது 'கமிட்ஸொந்தாய்', மணத்தில் கொடுக்கப்படுதலைக் குறிக்கும் செயப்பாட்டுவினை. அக்கால வழக்கில் முன்னது ஆடவர்க்கும் பின்னது பெண்டிர்க்கும் உரியதாக வரும். இவ்வரையறை முற்றிலும் இறுக்கமானதன்று; மாற்கு 10ஆம் அதிகாரத்தில் பெண் வேறொருவனை மணத்தலுக்கும் செய்வினையே வந்துள்ளது. எனினும் இரண்டும் இணைந்து வருமிடத்துக் கொள்வோர், கொடுக்கப்படுவோர் என்னும் பகுப்பே முதன்மை பெறுகிறது.

இவ்விணைவினை நோவா காலத்தைப் பற்றிய பகுதியிலும் வருவதால், அது திருமணம் முழுவதையும் சுட்டும் வழக்குத்தொடரே. அதற்கு மேற்பட்ட நுட்பம் தேடுதல் மிகை என்று ஒரு தடை எழலாம். தடை ஏற்கத்தக்கதே. ஆயினும் திருமணம் முழுவதையும் சுட்டுதற்குக் கொள்ளுதல், கொடுக்கப்படுதல் என்னும் இருசொற்களே அக்காலத்தார்க்குத் தேவைப்பட்டன என்பதும் கருதத்தக்கது. அவ்வமைப்பில் தந்தையும் கணவனும் கைம்மாற்றும் ஒன்றாகப் பெண் இருந்தாள். எழுவர் கதை அதன் உச்சநிலை. மாற்கிலும் லூக்காவிலும் எழுவரும் அவளை மனைவியாகக் 'கொண்டிருந்தனர்' என்னும் பொருளில் வரும் வினை, உடைமையைக் குறிக்கும் வினையே. இணைச்சட்டத்தில் ஊர்வாயிலில் நின்று பேசும் உரிமை பெற்ற பெண், சதுசேயர் கதையில் ஒரு சொல்லும் பேசாதவளாய் எழுவர் கைமாறி இறக்கிறாள்.

'கொள்வனை கொடுப்பனை'யின் தமிழ்ப் பொருள்

ஹென்றி பவர் முதன்மையாக ஈடுபட்ட குழுவின் உழைப்பால் 1871இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்ததே இன்றும் பழைய மொழிபெயர்ப்பு என வழங்குவது. பவர் 1868இல் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்தவர். இம்மொழிபெயர்ப்பு மத்தேயுவிலும் மாற்கிலும் கொள்வனை, கொடுப்பனை என்னும் பெயர்களையும், லூக்காவில் பெண்கொள்ளுதல், பெண்கொடுத்தல் என்னும் வினைகளையும் ஆள்கிறது.

இச்சொற்களின் பின்னே நீண்ட தமிழ் மரபு ஒன்றுள்ளது. தொல்காப்பியக் கற்பியலின் முதல் நூற்பா, கொள்ளுதற்குரிய மரபினையுடைய கிழவன், கொடுத்தற்குரிய மரபினோர் கொடுப்பக் கிழத்தியைக் கரணத்தொடு கொள்வதே கற்பு என வரையறுக்கிறது. பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு சி.வை. தாமோதரம் பிள்ளையால் 1885இல்தான் அச்சேறியது. ஆதலின் விவிலியத் தமிழாக்கம் இந்நூற்பாவை நோக்கி அமைந்தது என்பதைவிட, இலக்கணநூலும் பேச்சுவழக்கும் ஒரே சமூக நடைமுறையிலிருந்து இச்சொற்களைப் பெற்றன என்பதே பொருந்தும். கொள்வினை கொடுப்பினை என்னும் வடிவில் இன்றும் ஊர்வழக்கில் இது வழங்குகிறது.

அடுத்த நூற்பா மேலும் நோக்கத்தக்கது. தலைவனும் தலைவியும் உடன்போக்கில் சென்றபோது, கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டு எனத் தொல்காப்பியர் கூறுகிறார். கொடையின்றியும் மணம் உண்டு என்பது இதன் பொருள். கொள்ளுதலும் கொடுத்தலும் மணத்தின் ஒரு வடிவமேயன்றி மணத்தின் உயிர் அன்று என்னும் வேறுபாடு தமிழிலக்கணத்திலேயே இடம்பெற்றுள்ளது. கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை எனக் கேட்கும் தமிழறிந்த செவி, உறவே இல்லை என அதனை உடனே பொருள்கொள்ள வேண்டியதில்லை. திருமணம் செய்துகொள்வதில்லை என ஒற்றைவினையாகப் பெயர்த்த 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இவ்வாய்ப்பு இல்லை. எளிமையும் தெளிவும் அதன் சிறப்புகள். ஆனால் ஒற்றைவினை இருவர்தம் செயலையே சுட்ட, கொடுக்கும் மூன்றாமவர் மறைந்துவிடுகிறார். கொழுந்தன் மணத்தின் பின்புலமும் அவரோடு மறைகிறது.

பழைய மொழிபெயர்ப்பிலும் இழப்புகள் உள. முதலாவது, கிரேக்கச் செயப்பாட்டுவினையில் பெண் எழுவாயாகவேனும் நிற்கிறாள். தமிழில் பெண்கொடுத்தல் என்பதில் அவள் செயப்படுபொருள். கொடுப்பனை என்னும் தொழிற்பெயரில் அதுவும் இல்லை. இரண்டாவது இழப்பு சமூகம் சார்ந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் கொள்வினை கொடுப்பினை இல்லை என்பது தமிழகத்தில் சாதிகள் தம் எல்லையை அறிவிக்கும் தொடர். நற்செய்தியில் அதே எதிர்மறை வாய்பாடு வரும்போது, விலகலையும் வேற்றுமையையும் அது நினைவூட்டிவிடுதல் கூடும். மூலத்தின் கருத்தோ இதற்கு நேர்மாறானது. குடிப்பெயரையும் நிலத்தையும் காக்கப் பெண்ணைக் கைமாற்றும் தேவையே அங்கு இல்லாதொழிகிறது. கிறித்தவம் தழுவிய பின்னும் தமிழ்க் குடிகள் பல மணவுறவில் சாதியெல்லையைக் கைவிடவில்லை என்பதை நோக்க, இத்தொடர் தமிழ்ச் சபைகளில் உரிய விளக்கத்தோடு படிக்கப்படவேண்டியதன் தேவை புலனாகும்.

'கு' உருபும் வாதத்தின் முடிவும்

வாதத்தின் இரண்டாம் பகுதி விடுதலைப் பயண நூலின் முட்புதர்க் காட்சியை மேற்கோளாக்குகிறது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரின் கடவுளாகத் தம்மை அறிவிப்பவர் இறந்தோர்க்கன்று, வாழ்வோர்க்கே கடவுள் என்பது முடிபு. சதுசேயர் மதித்த சட்டநூலிலிருந்தே சான்று எடுக்கப்பட்டமை வெளிப்படை. அதனினும் நுட்பமான ஒரு பிணைப்பு இவ்விரு பகுதிகளுக்கும் இடையே உள்ளது. எழுவருள் எவனுடைய மனைவி என்னும் வினாவும், வாழ்வோருடைய கடவுள் என்னும் முடிபும் கிரேக்கத்தில் ஒரே கிழமை வேற்றுமையில் அமைந்துள்ளன. யாருக்கு உரியவள் என்னும் வினாவுக்கு, மாந்தர் யாவரும் யாரோடு உறவுடையோர் என்பதே விடையாகிறது.

பழைய தமிழாக்கம் இவ்விரண்டிடத்தும் நான்காம் வேற்றுமையின் 'கு' உருபை ஆள்கிறது. உயர்திணைத் தொகையில் 'அது' உருபு கெட்டுக் குகரம் வரும் எனத் தொல்காப்பியம் கூறும் மரபுக்கும் இது இயைந்தது. நான்காம் வேற்றுமைப் பொருள்களை அடுக்கும் நன்னூல் கொடையை முதலில் வைத்து, பகை முதலியவற்றோடு முறையையும் கூறுகிறது. கொடைப்பொருளில் 'கு' ஏற்பவனைச் சுட்டும். முறைப்பொருளில் உறவைச் சுட்டும். சதுசேயர் வினாவில் எவனுக்கு என்பது கொடைப்பொருளில் நிற்கிறது: ஏழுமுறை கொடுக்கப்பட்டவள் இறுதியில் எவன் கைக்குரியவள்? மறுமொழியில் வாழ்வோர்க்கு என்பது முறைப்பொருளில் நிற்கிறது: இறப்பாலும் அறுபடாத உறவு. ஒரே உருபு கொடையிலிருந்து முறைக்கு மாறுகிறது. வாதம் முழுவதும் இம்மாற்றத்தில் அடங்கியுள்ளது எனலாம். கிரேக்க வேற்றுமையின் இணைவைத் தமிழ் தன் இலக்கண இயல்பினாலேயே காத்துத் தந்திருப்பது பழைய தமிழாக்கத்தின் சிறப்புகளுள் ஒன்று.

பொருள்கோளின் எல்லை

இவ்விளக்கத்தை அளவுக்கு மீறி விரித்தலும் தவறு. மறுமையில் மணவுறவு வேறுவடிவில் தொடரும் எனத் தொடர் கூறவில்லை. வானதூதர் உவமை, மணம் அங்கு நிகழாது என்பதை உறுதியாகவே உணர்த்துகிறது. வரவிருக்கும் உலகில் உண்ணலும் பருகலும் மகப்பெறலும் இல்லை எனப் பாபிலோனியத் தல்மூதின் பெராக்கோத் பகுதியில் வரும் கூற்றும் இதனோடு ஒத்தது. அதேவேளை அன்பும் நட்பும் ஒருவரையொருவர் அறிதலும் இல்லாதொழியும் எனவும் தொடர் கூறவில்லை. அவை வினாவில் இல்லை. ஆதலின் விடையிலும் இல்லை. சொல்லாத ஒன்றைச் சொன்னதாக்கிக் கணவனை இழந்தவளின் துயரை மிகுவிப்பது உரையாசிரியர்க்கு உரிய செயலன்று.

துறவுசார்ந்த பொருள்கோளுக்கும் இதுவே மறுமொழி. லூக்காவின் வடிவில் தகுதிபெற்றோர் மணப்பதில்லை என நிகழ்காலத்தில் அமைந்த கூற்று, சிரியத் திருச்சபை மரபில் மணமின்றி வாழ்ந்த உடன்படிக்கை மக்களுக்கு ஆதரவாகப் படிக்கப்பட்டது. அது வரலாற்றில் மதிப்புக்குரிய ஒரு வாழ்வுமுறை. ஆயினும் தொடரின் நிகழ்காலம் மறுமையின் இயல்பைக் கூறும் நிகழ்காலமே. இம்மையின் மணத்தை இழிவுபடுத்தும் சொல் எதுவும் மூன்று நற்செய்திகளின் இப்பகுதிகளிலும் இல்லை.

முடிவுரை

உயிர்த்தெழுதல் பற்றிய இவ்வாதத்தில் இறப்பும் பெயரும் உடைமையும் ஒன்றோடொன்று பின்னியுள்ளன. இறப்பினால் அறும் பெயரை நிலைநிறுத்தப் பெண்ணைக் கைமாற்றும் ஒரு வழக்கத்தை எடுத்துக்காட்டி மறுமையை மறுக்க முயன்றனர் சதுசேயர். இறப்பே இல்லாதவிடத்து அவ்வழக்கத்துக்குக் காரணமில்லை என்பது மறுமொழி. தொடர் மறுப்பது கொள்வனை கொடுப்பனையை. அது பேசாது விடுவது அன்புறவை. இவ்வேறுபாட்டைக் கொள்வனை, கொடுப்பனை என்னும் பழஞ்சொற்கள் ஒற்றைச் சொல்லினும் நன்கு காத்துள்ளன. எதிர்காலத்தில் விவிலியத் தமிழாக்கம் திருத்தப்படுமாயின், எளிமை கருதி இவ்விரு வினைகளையும் ஒன்றாக்காது, பெண் எழுவாயாக நிற்கும் வகையில் 'மணத்தில் கொடுக்கப்படுதல்' என்பதையும் உடன்வைத்துப் பெயர்த்தல் மூலத்துக்கு நெருங்கியதாக அமையும்.

எழுவர் கதையில் அப்பெண்ணுக்குப் பெயரில்லை. கதை சொன்னோர் அவளுக்கு ஒரு கணவனைத் தேடினரேயன்றி அவளைப்பற்றி ஒன்றும் வினவவில்லை. மறுமொழியோ அவளை எழுவருள் எவர்க்கும் கொடுக்காமல், உயிரோடு எழுவோர் வரிசையில் தானே நிற்க விடுகிறது. அத்தொடரைப் படிப்போர் முதலில் காணவேண்டியது இதுவே.